ஐந்துக்கும் பத்துக்கும் வெளியே

வாழவந்தி நாடு, கொல்லிமலை
6 ஜூலை 1936

அன்புள்ள ராசாமணி,

நீ நாமக்கல்லுக்கு மாற்றலாகி வந்திருப்பதைத் தபால்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "புதுசா ஒரு பொம்பளை இன்ஸ்பெக்டருங்க. கீழ ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துல வாத்தியார் கையில இருந்த பிரம்பைப் புடுங்கி சன்னல் வழியா வீசிட்டாங்களாமுங்க" என்றார். பெயரைக் கேட்பதற்கு முன்பே நீதான் என்று தெரிந்துவிட்டது. சென்னையில் விடுதிச் சமையல்காரரின் கரண்டிக்கும் இதே கதி நேர்ந்ததை நான் பார்த்தவள்.

நாம் ஒரே அறையில் இருந்து படித்தது போய் இருபது வருடம் ஆகிறது. நீ சர்க்கார் வேலைக்குப் போனாய். நான் மலை ஏறினேன். அப்பா விட்டுப்போன ஆரஞ்சுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் வந்தேன். ஏழு வருடங்களுக்கு முன்னால் பழம் அடுக்கும் கொட்டகையில் ஒரு கரும்பலகையை மாட்டினேன். இப்போது பழம் வெளியே கிடக்கிறது, பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரம் வேண்டி விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அது உன் மேசைக்குத்தான் வரும். அதில் வயது என்ற இடத்தில் நான் எழுதியிருப்பதைப் பார்த்து நீ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாய். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இங்கே இரண்டு வயதுப் பிள்ளையும் உண்டு, இருபதை நெருங்குகிற பிள்ளையும் உண்டு. நடுவில்தான் ஆள் குறைவு.

காரணம் எளியது. இந்த மலையில் ஐந்து வயதானால் பிள்ளை ஆட்டின் பின்னால் போகும். சாமையும் தினையும் கதிர் பிடித்தால் பரண்மேல் ஏறிக் கிளி விரட்டும். அடுத்த தம்பியோ தங்கையோ அந்த வேலைக்குத் தயாராகிற வரையில் அதற்கு விடுதலை இல்லை. பதினொன்று, பன்னிரண்டில்தான் கை ஓய்கிறது. அப்போது பள்ளிக்கூடம் வருகிறது, இடுப்பில் இன்னொரு சின்னதைத் தூக்கிக்கொண்டு. சில ஊர்கள் சேர்ந்ததை இங்கே நாடு என்பார்கள்; பக்கத்து நாட்டில் முன்பு ஒரு ஜில்லா போர்டு பள்ளிக்கூடம் திறந்தார்கள். ஐந்திலிருந்து பத்து வரை என்று சட்டம். அந்த வயதுப் பிள்ளைகள் எல்லோரும் பரண்மேல் இருந்தார்கள். வாத்தியார் காலி அறையில் உட்கார்ந்திருந்து, மழைக்காலக் காய்ச்சலை வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

இவ்வளவு நாள் அங்கீகாரம் இல்லாமலே ஓடியது. இப்போது கேட்பது ஒருத்திக்காக. சென்னம்மாள். பரண் வேலை முடிந்த பிறகு வந்து 'அ'னாவில் தொடங்கினாள். நடுவில் கல்யாணம் ஆயிற்று. 'அவ்வளவுதான்' என்று நினைத்தேன். இடுப்பில் மகள் ராமாயியோடு திரும்பி வந்து உட்கார்ந்தாள். இன்றைக்கு எட்டாம் வகுப்புப் பாடம் முழுவதும் அவளுக்குத் தெரியும். மார்ச்சில் சர்க்கார் பரீட்சை எழுதினால், சேலத்தில் பயிற்சிப் பள்ளியில் சேரலாம். ஆசிரியையாக மலைக்கே திரும்பலாம். "கீழயிருந்து வர்ற வாத்தியாருக்கெல்லாம் காய்ச்சல் வருதுங்க. எனக்கு வராதுங்களே" என்கிறாள். இதைவிடப் பெரிய தகுதியை உங்கள் ஜில்லா போர்டு எங்கே தேடும்?

பரீட்சை எழுத அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கூடத்திலிருந்து வர வேண்டுமாமே. கொடு.

உன்
அம்சவேணி

*

நாமக்கல்
15 ஜூலை 1936

அடி அம்சா,

கண்ணாடியைக் கழற்றவில்லை. கண்ணாடி தானாகவே விழுந்தது. 'வயது: இரண்டு முதல் இருபது வரை, சில சமயம் அதற்கு மேலும்' என்று சர்க்கார் தாளில் எழுதிய முதல் ஆள் நீதான் என்று நினைக்கிறேன். என் குமாஸ்தா அதை எடுத்துக்கொண்டு போய் மற்றவர்களுக்குக் காட்டி வந்தார்.

நீ எழுதியதைப் படித்தது பழைய அறைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. சந்தோஷம். இனி இன்ஸ்பெக்டர் பேசுகிறேன், கேட்டுக்கொள்.

ஆரம்பப் பள்ளி என்றால் ஐந்து முடிந்திருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் ஐந்து, ஐந்தாம் வகுப்பில் பத்து. ஒன்றிரண்டு முன்பின் இருந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். பாலைக் குடித்துக்கொண்டு பாடம் கேட்கிற பிள்ளைக்கும், பால் கொடுத்துக்கொண்டு பாடம் கேட்கிற பிள்ளைக்கும் நான் எந்தக் கண்ணை மூடுவது?

வழி சொல்கிறேன். சின்னதுகளை வீட்டுக்கு அனுப்பு. பெரியவர்களுக்குச் சாயங்காலம் தனியாகச் சொல்லிக்கொடு. ஐந்திலிருந்து பத்து வரை ஒரு இருபது பேரை உட்கார வை. வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். அங்கீகாரம் வந்ததும் மேல் வகுப்பு திறக்க அனுமதி கேள். உன் சென்னம்மாளை அதில் சேர்த்துவிடலாம்.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். நாளைக்குக் காலையில் கோபப்படு. இன்றைக்கு இரவு யோசி.

உன்
ராசு

*

வாழவந்தி நாடு
27 ஜூலை 1936

அன்புள்ள ராசு,

சொன்னபடி ஒரு இரவு யோசித்துவிட்டுத்தான் கோபப்படுகிறேன்.

ஏற்காட்டில் துரைமார் பிள்ளைகள் படிக்கிற தனியார் பள்ளிகளை நீயும் பார்த்திருப்பாய். அங்கே நான்கு வயதுக் குழந்தை பொம்மையோடு நுழைகிறது. பதினேழு வயதில் அதே வாசல் வழியாகத் தொப்பியைத் தூக்கி ஆட்டிக்கொண்டு வெளியேறுகிறது. நடுவில் யாரும் வந்து ஐந்தா, பத்தா என்று கேட்பதில்லை. அண்ணன் பெரிய வகுப்பில், தங்கை சின்ன வகுப்பில், ஒரே மணி அடிக்கிறது. அது தனிப் பள்ளிக்கூடம், அது அவர்கள் இஷ்டம் என்கிறோம். என் கொட்டகையும் தனிப் பள்ளிக்கூடம்தான். அங்கே வயது கலந்திருந்தால் அது அழகு, இங்கே கலந்திருந்தால் குழப்பமா?

நீ சொல்வது புரிகிறது. அவர்கள் சர்க்காரிடம் எதுவும் கேட்பதில்லை, நான் கேட்கிறேன். கேட்கிறவள் அளவுக்குள் நிற்க வேண்டும்.

ஆனால் நீ சொன்ன அளவு நம்மைப் போல வீட்டில் ஆள் இருக்கிறவர்களுக்குத் தைத்த சட்டை, ராசு. சின்னதை வீட்டுக்கு அனுப்பு என்கிறாய். வீட்டில் யார் இருக்கிறார்கள்? அம்மா காட்டில், அப்பா காட்டில். சின்னதை அனுப்பினால் அதைத் தூக்கி வந்த அக்காவும் கூடவே போய்விடுவாள். சாயங்காலம் வா என்றால், கரடி இறங்குகிற நேரத்தில் எந்த அம்மா பெண்ணை அனுப்புவாள்? ஒவ்வொரு நூலாகப் பிடித்து இழு, கடைசியில் என் கையில் கரும்பலகை மட்டும் மிஞ்சும்.

நேரில் வந்து பார். பார்த்த பிறகு முடியாது என்றால் ஏற்றுக்கொள்கிறேன்.

அம்சா

*

நாமக்கல்
29 ஆகஸ்டு 1936

அம்சா,

செப்டம்பர் 18 வெள்ளிக்கிழமை வருகிறேன். டோலி வேண்டாம், நடந்தே ஏறுவேன். எனக்கு அவ்வளவு வயதாகிவிடவில்லை. ஐந்திலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளைத்தான் பார்க்க வருகிறேன் என்று உங்கள் ஊர்க்கவுண்டருக்கும் தகவல் அனுப்பியிருக்கிறேன். நல்ல காப்பி கிடைக்கும் என்று நம்புகிறேன். கருப்பட்டி போட்டுவிடாதே.

ராசு

*

நாமக்கல்
24 செப்டம்பர் 1936

ஸ்ரீமதி அம்சவேணி அம்மாள் அவர்களுக்கு,

தங்கள் பள்ளிக்கூடத்தைச் சென்ற 18ஆம் தேதி பார்வையிட்டேன். அங்கீகாரம் கொடுக்கும்படி சிபாரிசு செய்ய இயலாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மேலே இருப்பது இன்ஸ்பெக்டர் எழுதியது. கீழே இருப்பது ராசாமணி எழுதுவது. இரண்டு பேருக்கும் கோபம்தான்.

நான் கொட்டகைக்குள் நுழைந்து வயது கேட்டேன். ஊர்க்கவுண்டர் கருப்பண்ணன் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். முதல் பிள்ளைக்கு என்ன வயது? "ஏழுங்க." இரண்டாவது? "ஏழுங்க." மீசை அரும்பிய ஒருவனைக் காட்டினேன். "அவனுக்கு எட்டுங்க. கொஞ்சம் வளத்தியானவனுங்க." மூலையில் உன் சென்னம்மாள். "பத்துங்க, அம்மணி." அவள் இடுப்பில் இருந்த குழந்தை? "அஞ்சு முடிஞ்சுதுங்க." நான் குறித்துக்கொண்டிருக்கும்போதே, அஞ்சு முடிந்த அந்தக் குழந்தை தாயின் மாராப்புக்குள் தலையை விட்டுப் பால் குடிக்கத் தொடங்கிவிட்டது. பத்து வயதுத் தாய், ஐந்து வயதுப் பிள்ளை! கூட வந்த என் குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

ஊரே சேர்ந்து ஒரே குரலில் சொல்கிறதென்றால், சொல்லிக்கொடுக்காமல் நடக்காது. பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பாய் என்று நினைத்தேன், பொய் சொல்லிக்கொடுப்பாய் என்று நினைக்கவில்லை. முடியாது என்றால் ஏற்றுக்கொள்கிறேன் என்று நீ எழுதியதை நம்பித்தான் அந்த மலையை ஏறினேன். என் முழங்கால் இன்னும் அதை மறக்கவில்லை.

அதனால்தான் காப்பியைக்கூடக் குடிக்காமல் இறங்கினேன்.

ராசாமணி

*

வாழவந்தி நாடு
3 அக்டோபர் 1936

ராசாமணிக்கு,

நீ வயது கேட்ட நேரத்தில் நான் அடுப்படியில் உன் காப்பிக்கு வெள்ளைச் சர்க்கரை தேடிக்கொண்டிருந்தேன். காப்பியோடு வந்தபோது உன் முதுகுதான் தெரிந்தது. கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. நடந்தது என்னவென்று கருப்பண்ணனைக் கேட்டேன். அவருக்கு உன் கோபம் புரியவே இல்லை.

"அம்மணி அஞ்சுலேர்ந்து பத்து வயசுப் புள்ளைங்களைத்தான் பாக்கோணும்னு சொல்லி உட்டாங்க. அந்தப் புள்ளைங்கல்லாம் பரண்மேல கெடக்குதுங்க. அவ்வளவு தூரம் ஏறி வந்த விருந்தாளிகிட்ட இல்லீங்கன்னு எப்படிங்க சொல்றது? இருக்கற புள்ளைங்களுக்கு வயசைக் குறைச்சுச் சொன்னேன். வயசு என்னங்க, நெல்லா? கேட்டா கேட்ட அளவுக்குக் குடுத்துர வேண்டியதுதானுங்களே" என்றார்.

நீ நம்ப மாட்டாய். அதனால் உன்னையே சாட்சிக்கு அழைக்கிறேன். ஏறும்போது பாதி வழியில் நின்று, கூட வந்தவரிடம், "இன்னும் கொஞ்ச தூரம்தானே?" என்று கேட்டாயாமே. அவர் என்ன சொன்னார்? அதற்குப் பிறகு நீ எவ்வளவு நேரம் நடந்தாய்? மூச்சிரைக்கிற விருந்தாளி ஆசையோடு ஒன்றைக் கேட்டால் இங்கே யாரும் இல்லை என்று சொல்வதில்லை. அது அவர்கள் மரியாதை. வந்த புதிதில் நான், "இந்த வருடம் மழை சீக்கிரம் நின்றுவிடும் இல்லையா?" என்று கேட்டு, ஆமாங்க என்ற பதிலை நம்பி, ஆரஞ்சைப் பறித்து வெளியே கொட்டி அழுகவிட்டவள். இந்த மலையில் கேள்விக்குள்ளே பதிலை வைத்துக் கேட்கக் கூடாது. இதை உனக்கு எழுதத் தோன்றாமல் போனதுதான் என் தப்பு. சொல்லிக்கொடுத்தேன் என்றாயே, அது இல்லை.

அங்கீகாரம் வேண்டாம். அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன். ஆனால் சென்னம்மாளிடம் செய்தியைச் சொன்னபோது அவள் கேட்டதை மட்டும் எழுதுகிறேன். உனக்குத் தெரிய வேண்டும்.

"அஞ்சு வயசுல ஆடு மேச்சனுங்க. பத்து வயசுல கிளி ஓட்டுனனுங்க. அப்பப் படிக்க நேரமில்லை. இப்ப நேரமிருக்குது, வயசில்லைங்கறாங்க. ஏனுங்க, நான் எந்த வயசுலதான் படிச்சிருக்கோணும்?"

இதற்குப் பதில் உன் சட்டப் புத்தகத்தில் இருந்தால் எழுது.

அம்சவேணி

*

நாமக்கல்
17 அக்டோபர் 1936

அடி அம்சா,

உன் கடிதத்தை ஆபீசில் உட்கார்ந்து படித்தேன். வழிகாட்டியைப் பற்றி எழுதிய இடத்துக்கு வந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். குமாஸ்தா பயந்துபோய் எழுந்து நின்றார். "ஆமாங்க அம்மணி, இந்தா, கொஞ்ச தூரந்தானுங்க" என்றுதான் அந்த மனுஷர் சொன்னார்! அடுத்த வளைவிலும் கேட்டேன். "வந்தாச்சுங்க" என்றார். பிறகு ஒரு காடு, ஒரு ஓடை, இன்னொரு காடு. அன்றைக்கு அவரைப் பொய்யர் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அதையே கவுண்டர் சொன்னபோது உன் கழுத்தைப் பிடித்தேன். மன்னித்துக்கொள். அந்தக் காப்பியை நீயே குடித்துவிட்டாயா?

இனி விஷயம். உன் சென்னம்மாளின் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நான் ஒரு வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளை வயதைக் காட்டித் திருப்பி அனுப்புகிறவள். ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. சட்டப் புத்தகத்தை எடுத்தேன். ஒரு விதி அகப்பட்டது. பதினெட்டு முடிந்த பெண், எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேராமல் தானாகப் படித்திருந்தால், தனியாக விண்ணப்பித்து எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம். வேலைக்குப் போக வேண்டிய விதவைகளை நினைத்து எழுதிய விதி. மற்றவர்களுக்கு இல்லை என்று அதில் எங்கும் இல்லை. மேலதிகாரியைக் கேட்டுவிட்டேன். சரி என்கிறார்.

'எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேராமல்' என்ற இடத்தைக் கவனித்தாயா? உன் பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரம் இல்லை. அதாவது சர்க்கார் கணக்கில் அப்படி ஒரு பள்ளிக்கூடம் கொல்லிமலையில் இல்லவே இல்லை. இல்லாத இடத்தில் ஒருத்தி எப்படிப் படித்திருக்க முடியும்? ஆகவே அவள் தானாகப் படித்தவள்! நான் செப்டம்பரில் இரக்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தக் கதவு சாத்தியிருக்கும்.

ஆனால் உன் விண்ணப்பம் இன்னும் மேலே நிலுவையில் இருக்கிறது. நான் சிபாரிசு செய்யாவிட்டாலும் அவர்கள் வேறு ஆளை அனுப்பி மறுபடி பார்க்கலாம், கொடுக்கவும் செய்யலாம். அது உனக்கு வேண்டுமென்றால் இவளுக்கு இது இல்லை. நீ விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். நன்றாக யோசித்து எழுது. கட்டடம், சம்பளம், பாடப் புத்தகம் எல்லாம் அந்தத் தாளோடு போய்விடும். மேல் வகுப்பு திறக்கலாம் என்று நான் முன்பு சொன்னேனே, அதற்கு இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை அவள் காத்திருப்பாளா என்பது உனக்குத்தான் தெரியும்.

அவள் பதினெட்டு முடித்தவள் என்று ஊரார் முன்னிலையில் கிராம முன்சீப் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஊர்க்கவுண்டரும் சாட்சி சொல்ல வேண்டும். ஆம், பத்து வயது என்று சொன்ன அதே கவுண்டர்தான். அவர் எப்படி ஏற்றுவார் என்று பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

உன்
ராசு

*

வாழவந்தி நாடு
9 நவம்பர் 1936

அன்புள்ள ராசு,

விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஓட்டுக் கூரை போட்ட ஒரு அறையை மனதுக்குள் கட்டியே வைத்திருந்தேன், அதற்குப் பச்சை வர்ணம்கூட அடித்தாயிற்று. பிறகு நினைத்தேன், அந்த அறை இல்லாமல் ஏழு வருடம் படித்தவர்கள் இன்னும் கொஞ்ச காலம் படிப்பார்கள். இவளுக்கு அந்தக் கொஞ்ச காலம் இல்லை. இன்னொரு பிள்ளை பிறந்தால் நானே அவளை உட்காரச் சொல்ல மாட்டேன்.

உன் காப்பியைக் கருப்பண்ணன் குடித்தார். சர்க்கரை போதவில்லை என்றார்.

இனி, நீ கேட்ட காட்சி. நேற்று கோயில் முன்னால் ஊர் கூடியது. முன்சீப் கீழேயிருந்து வந்திருந்தார். சென்னம்மாளுக்குப் பதினெட்டு முடிந்ததா என்று சொல்ல வேண்டும் என்றேன். கருப்பண்ணன் தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்க வாத்தியாரம்மா, ரெண்டு மாசத்துக்கு முன்ன பத்துன்னு சொன்னேன். இப்பப் பதினெட்டுன்னா, ரெண்டு மாசத்துல எட்டு வயசு ஏர்றதுக்கு அவ என்ன மூங்கிலுங்களா?"

கூட்டம் சிரித்தது. சென்னம்மாளின் புருஷன் செல்லமுத்து, "மூங்கிலை நான் கட்டலீங்க மாமா" என்றான். அவனுக்கு வெட்கம் அதிகம். அன்றைக்குத்தான் சபையில் வாயைத் திறந்தான்.

"அன்னிக்குக் கேட்டது விருந்தாளி. இன்னிக்கு அறப்பளீசுவரர் மேல சத்தியமாக் கேக்கறாங்க. நெசத்தைச் சொல்லுங்க" என்றார் முன்சீப்.

"நெசம் எனக்கு எப்படிங்க தெரியும்? பெத்தவளைக் கேளுங்க" என்று ஒதுங்கிவிட்டார் கவுண்டர்.

பெற்றவள் கண்ணாயி. அவளுக்கும் வருடம் தெரியாது. மழைக்கணக்கு சொன்னாள், பக்கத்தில் இருந்தவள் அதை மறுத்தாள். பலா காய்க்காத வருடம் என்று ஒருவர், இல்லை அதற்கு முந்தின வருடம் என்று இன்னொருவர். ஒரு பிள்ளை பிறந்ததைச் சொல்ல ஆளுக்கொரு மரம், ஆளுக்கொரு மாடு. முன்சீப் எழுதுகோலைக் காதில் செருகிக்கொண்டார். நான் நம்பிக்கை இழந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் நான் கேட்டேன்: "பெரிய காய்ச்சல் வந்ததே, ஊருக்கு ஊர் ஆள் செத்ததே, அந்த வருடம் இவள் எப்படி இருந்தாள்?" கேள்விக்குள் பதிலை வைக்கவில்லை என்பதைக் கவனி.

கண்ணாயி உடனே சொன்னாள். "அந்த வருசம் நடந்துக்கிட்டிருந்தாளுங்க. அவிய அப்பனைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. இவ பின்னாலயே தத்தித் தத்தி நடந்து போனா. அப்பனை எங்கியோ கூட்டிக்கிட்டுப் போறாங்க, தானும் போகோணும்னு. ஓடை வரைக்கும் போயிட்டா. நான்தான் தூக்கியாந்தேன்."

சென்னம்மாள் தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இதைக் கேட்பது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அந்தக் காய்ச்சல் 1918இல். அன்றைக்கு நடந்த பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்து ஒரு வருடமாவது ஆகியிருக்கும். கருப்பண்ணன் முன்னால் வந்தார். "அன்னிக்குத் தூக்குன ஆளுங்கள்ல நானும் ஒருத்தனுங்க. அந்தப் புள்ளை பின்னால வந்ததை நானும் பாத்தேன். எழுதிக்கங்க" என்று பெருவிரலை நீட்டினார்.

தாளை அனுப்பியிருக்கிறேன். அந்த ரேகைக்குக் கீழே நானும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

உன்
அம்சா

*

நாமக்கல்
23 மார்ச் 1937

அம்சா,

பரீட்சை நேற்றோடு முடிந்தது. சென்னம்மாளும் செல்லமுத்துவும் குழந்தையும் சேந்தமங்கலம் வரை போகிற வண்டியில் இன்று காலை ஏறிவிட்டார்கள். அவர்கள் வந்து சொல்வதற்கு முன்னால் உனக்கு இது கிடைக்காது. இருந்தாலும் எழுதுகிறேன். அவள் சொல்லாமல் விடுகிறதை நான் சொல்ல வேண்டும்.

முதல் நாள் காலையில் கூட்டம் நிறைந்த வாசலில் மேற்பார்வையாளர் அவளைத் தடுத்தார். "புள்ளைங்களைக் கொண்டாந்து உட்டவங்கல்லாம் வெளியே நில்லுங்க" என்றார். அவள் சீட்டைக் காட்டினாள். அவர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இடுப்பில் இருந்த ராமாயியைப் பார்த்தார். "இதுவும் எழுதுதுங்களா?" என்றார். நான் போய் ராமாயியை வாங்கிக்கொண்டேன்.

அவள் அறைக்குள் போனதும் ஒரு சத்தம். பெஞ்சுகள் நகர்கிற சத்தம். எட்டிப் பார்த்தேன். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நிற்கிறார்கள். புதிதாக ஒரு டீச்சர் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். இவள் வாசலிலேயே நின்றாள். திரும்பிப் போய்விடுவாள் என்று எனக்குப் பயமாகிவிட்டது. அவள் பெஞ்சுகளைக் கடந்து தன் இடத்துக்குப் போய், "உக்காருங்க கண்ணு, நானும் உங்களாட்ட எழுத வந்தவதான்" என்றாள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் தன் மைக்கூட்டை நடுவில் நகர்த்தி வைத்தாள்.

என் நிலைமையைக் கேள். ஐந்து வயதுக்குக் கீழே பள்ளி வளாகத்தில் கூடாது என்று சட்டம் பேசிய இன்ஸ்பெக்ட்ரஸ், மூன்று நாளும் வேப்பமரத்தடியில் ராமாயியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். உட்கார்ந்தால் அழுகிறது. செல்லமுத்துவிடம் கொடுத்தால், அவன் நோட்டீசுப் பலகையில் அவள் பெயரைப் பார்த்துக் கண் கலங்குகிறான், அதைப் பார்த்து இதுவும் அழுகிறது. மேலதிகாரி வந்து, "உங்க பேத்தியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொல்லிமலை மரியாதை எனக்கும் தொற்றிவிட்டது.

கடைசி நாள் வெளியே வந்தவளிடம் எப்படி என்றேன். "கணக்கு சுலபமுங்க. பூகோளத்துலதான் வருத்தமுங்க. இமயமலையைக் கேக்கறாங்க, கொல்லிமலையைக் கேக்கவே இல்லீங்க" என்றாள்.

தேறுவாள் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும். மீதி மே மாதம் தெரியும்.

உன்
ராசு

*

வாழவந்தி நாடு
20 ஜூன் 1937

அன்புள்ள ராசு,

உன் தந்தியைத் தபால்காரர் மழையில் ஓடி வந்து கொடுத்ததை முன்பே எழுதிவிட்டேன். சென்னம்மாள் தேறினாள் என்று தெரிந்ததும் கருப்பண்ணன் கொட்டடிக்கச் சொன்னார். கொட்டு நிற்கச் சாயங்காலம் ஆயிற்று. அதையும் எழுதிவிட்டேன். இது வேறு.

இன்று காலை அவள் சேலத்துக்குக் கிளம்பினாள். பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்ததும் விடுதியில் சேர்த்ததும் உன் வேலை என்று அவளுக்குத் தெரியும். ராமாயி கண்ணாயியிடம் இருக்கிறாள், பகலெல்லாம் என் கொட்டகையில். செல்லமுத்து தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். மாதம் ஒரு தடவை இறங்கிப் போய்ப் பார்த்து வருவேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

அவள் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். நான் வாசலில் நின்றேன். எட்டு வருடங்களில் எத்தனை பேரை உள்ளே வா என்று கூப்பிட்டிருக்கிறேன். வராமல் நின்றுபோனவர்களைத் தேடிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் படித்து முடித்தேன், போகிறேன் என்று ஒருவரும் இந்த வாசலில் நின்றதில்லை. உங்கள் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் வருடா வருடம் வயது நிறைந்து வெளியே போகிறார்கள். நீங்கள் அதற்குப் பழகியவர்கள். என் பள்ளிக்கூடத்தில் யாரையும் எந்த வயதிலும் போகச் சொன்னதில்லை. அதனால் போகிறவளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவள் சிரித்துவிட்டு, "போயிட்டு வான்னு சொல்லுங்க வாத்தியாரம்மா. அது போதும்" என்றாள்.

சொன்னேன்.

அவள் வளைவு தாண்டுகிற வரை நின்றுவிட்டு உள்ளே திரும்பினேன். பாடம் தொடங்கவில்லை. எட்டு வயது என்று உனக்குச் சொன்னார்களே, அந்த மீசைக்காரன் எழுந்து, தான் எப்போது முடிப்பேன் என்று கேட்டான். அவனைப் பார்த்து இன்னொருத்தி கேட்டாள். பிறகு ஏழெட்டுப் பேர். இத்தனை வருடமும் முடிக்கிறது என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்கும்தான்.

எட்டாம் வகுப்புப் பாடத்தை இதுவரை அவள் ஒருத்திதான் தரையில் பாய் போட்டுப் படித்தாள். மத்தியானம் தச்சரைக் கூப்பிட்டு ஒரு பெஞ்சு செய்யச் சொல்லியிருக்கிறேன். எத்தனை பேர் உட்கார என்று கேட்டார். பலகை எவ்வளவு நீளம் கிடைக்கிறதோ அவ்வளவு நீளம் என்று சொன்னேன்.

உன்
அம்சா